அன்னபேதியும் அம்மாவின் மாத்திரைகளும்

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டேன். "மாத்திரையெல்லாம் நெசமாலுமே முழுங்கறயா, இல்ல நாங்க ஊருக்குப் போனதும் வாசல்ல வீசிப்போடறயா?" என் கையில் இரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தது. ஆறு மாதம் தினமும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்ட பிறகும் ஹீமோகுளோபின் 8.4-இலிருந்து 8.7-க்குத்தான் வந்திருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். திருப்பூரில் இருக்கும் தம்பியும் முந்தின நாள் போனில் இதையேதான் கேட்டிருக்கிறான். மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம், அட்டை காலியாகிறது, இரத்தம் மட்டும் ஏறவில்லை. அப்படியானால் மாத்திரை வாய்க்குள் போகவில்லை என்பதுதானே கணக்கு என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது.

அம்மா முறத்தில் கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "முழுங்காமயா கண்ணு? வெளிக்கிப் போனா கருப்பாத்தான் போகுது." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. அறுபத்தியொரு வயதில், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நிரூபிக்க, பெற்ற பிள்ளையிடம் தன் மலத்தின் நிறத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டி வந்ததே என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கோயமுத்தூர் வந்து சேர்ந்து இரண்டு நாள் கழித்து, சமையல் செய்துகொண்டிருக்கும்போது உறைத்தது. அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அஞ்சறைப்பெட்டி

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில், கவுந்தப்பாடிக்கும் கோபிக்கும் நடுவில். வாய்க்கால் பாசனமும் உண்டு, போர்த் தண்ணீரும் உண்டு. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மஞ்சள், மிச்சத்தில் கரும்பும் சோளத்தட்டும். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தைராய்டு. அதற்கு ஒரு மாத்திரை. முட்டிவலி என்று போனபோது எழுதிக் கொடுத்தது கால்சியம். மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்செரிச்சல் வந்தபோது, இரண்டு வாரத்துக்கு என்று ஒரு கேஸ் மாத்திரை எழுதினார்கள். அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அம்மாவும் நிறுத்தவில்லை. போன வருஷம் தை மாதம் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். பரிசோதித்தால் இரத்தசோகை. இந்த வயதில் இரத்தம் குறைந்தால் உள்ளே எங்காவது கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, குடலின் உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் நடந்தது. கசிவு எதுவும் இல்லை. அதற்கப்புறம்தான் இரும்பு மாத்திரை ஆரம்பித்தது.

இத்தனை மாத்திரைகளையும் அம்மா பழைய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டியில் வைத்திருந்தாள். சீரகமும் கடுகும் இருந்த கிண்ணங்களில் இப்போது மாத்திரை அட்டைகள், கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி. திறந்தால் இன்னமும் லேசாக வெந்தய வாசம் வரும். தைராய்டுக்கு ஒரு கிண்ணம், கேஸ் மாத்திரைக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, சுண்ணாம்புச் சத்துக்கு ஒன்று. எழுத்தை வாசிக்கச் சிரமம் என்பதால் நிறமும் இடமும்தான் அடையாளம். ஒரு நாளும் தவறியதில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் எண்ணிக்கொண்டிருந்ததெல்லாம் அட்டையில் எத்தனை மீதி என்பதையும், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்பதையும்தான். வாய்க்குள் போன 100 மில்லிகிராமில் எத்தனை உடம்பில் ஒட்டியது என்று கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

"தின்னது ஒடம்புல ஒட்டலை" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப்போகும் குழந்தையைப் பார்த்துச் சொல்வது. சின்ன வயதில் என்னைப் பார்த்தே ஆத்தா, அதாவது பாட்டி, நூறு முறை சொல்லியிருப்பார். காதில் பழகிப்போன வார்த்தை. அதன் பொருள் என்ன என்று யோசிக்க நாற்பது வயது ஆகியிருக்கிறது.

வாளியில் நிறம் மாறிய தண்ணீர்

புரட்டாசியில் மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். வைகாசிக் கடைசியில் நட்ட மஞ்சள், இடுப்புயரம் வந்திருந்தது. ஆனால் தெற்கு ஓரத்தில் ஒரு பகுதி மட்டும் வெளுத்துக் கிடந்தது. இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாகவே இருக்கின்றன, நரம்புக்கு நடுவில் உள்ள இடமெல்லாம் மஞ்சளாகி, சில இலைகள் ஏறக்குறைய வெள்ளையாகவே ஆகிவிட்டன. அப்பா தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலைக்கு அடிக்க மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். என்ன மருந்து என்று கேட்டேன். "அன்னபேதிம்மணி. இரும்புச் சத்துக் கொறைவு" என்றார்.

அந்த மண்ணில் இரும்பு இல்லையா என்று கேட்டேன். நம்முடையது செம்மண்தானே, அந்தச் சிவப்பே இரும்புதானே என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். அப்பா சிரித்துவிட்டுச் சொன்னார்: "மண்ணுல இல்லாமயா? வேண்டியது கெடக்குது. அந்தப் பக்கம் தோண்டுனா சுண்ணாம்புக்கல்லாத்தான் வரும். சுண்ணாம்பு புடிச்சு வெச்சுக்குது, வேருக்கு உடமாட்டேங்குது. நீ மூட்டை மூட்டையா மண்ணுல கொட்டுனாலும் அதே கததான். அதனாலதான் எல வழியா குடுக்கறோம்."

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. முந்தின நாள் கலக்கி மிச்சமானது. தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில், அடியில் துருவைப் போல வண்டல் தங்கிக் கிடந்தது. அதைக் கொட்டச் சொன்னார். "அது வீணாப்போச்சு. போர்த்தண்ணில போட்டு வெச்சா இப்படித்தான் ஆவும். இதை அடிச்சா எலையில கறைதான் புடிக்கும், உள்ள ஒண்ணும் போகாது." பிறகு புதிதாக ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கடித்து ஓட்டை போட்டு அதில் பிழிந்தார். அதற்கப்புறம் பொட்டலத்திலிருந்து அன்னபேதியை அள்ளிப் போட்டார். கற்கண்டுக்கு வெளிறிய பச்சை நிறம் ஏற்றியது போன்ற படிகங்கள். குச்சியால் கலக்கினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது, லேசான பச்சை மட்டும் தெரிந்தது. இரண்டு வாளியிலும் ஒரே உப்பு. ஒன்றில் எலுமிச்சை இருக்கிறது, ஒன்றில் இல்லை.

பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். அன்னபேதி என்று பெரிதாகவும், கீழே சின்ன எழுத்தில் ஃபெரஸ் சல்ஃபேட் என்றும் போட்டிருந்தது. இந்தப் பெயரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்று எழுதுகிறேன், பாதி தூரம் ஓடினேன். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து இரும்பு மாத்திரை அட்டையைப் பார்த்தால் அதே பெயர். ஃபெரஸ் சல்ஃபேட். பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த கால்சியம் அட்டையைத் திருப்பினேன். கால்சியம் கார்பனேட், 1250 மில்லிகிராம். கால்சியம் கார்பனேட் என்பது சுண்ணாம்புக்கல்லின் வேதிப்பெயர். தெற்கு ஓரத்தில் தோண்டினால் வருகிறதே, அதேதான்.

அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள். "காலைல மாத்திரை எப்படிப் போட்டுக்குவே, எனக்குப் போட்டுக் காட்டு" என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். மறுபடியும் சோதிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் பெட்டியை எடுத்து, நான்கு கிண்ணத்திலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். சின்ன வெள்ளை, மஞ்சள், அடர் சிவப்பு, பெரிய வெள்ளை. "ஆறரை மணிக்கு அப்பாவுக்கு டீ வெப்பனல்ல, அப்ப நாலையும் ஒண்ணா வாயில போட்டு, டீத்தண்ணிய ஒரு மடக்கு குடிச்சா வேல முடிஞ்சுது." அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆறு மாதமாகச் செய்தது, இரும்பையும் சுண்ணாம்பையும் ஒரே குழியில் கொட்டி, மேலே டீயை ஊற்றியது. விளையவில்லை என்று திட்டியது மட்டும் அவளை.

வாசலில் நிற்கும் காவல்

மண்ணில் நடப்பதும் குடலில் நடப்பதும் ஒன்றேதான் என்று சொல்ல மாட்டேன். மண்ணில் சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி, இரும்பைக் கரையாத வடிவத்துக்குத் தள்ளிவிடுகிறது. வயிற்றில் கால்சியம், இரும்பு உள்ளே நுழையும் இடத்திலேயே குறுக்கே நிற்கிறது. ஆனால் அமிலம் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. இரைப்பையின் அமிலம்தான் இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. கேஸ் மாத்திரையின் வேலையே அந்த அமிலத்தைக் குறைப்பது. டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து, குடல் எடுத்துக்கொள்ள முடியாத ஒன்றாக ஆகிவிடும். எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி இதற்கு நேர் எதிர். இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி, அந்த நிலையிலேயே பிடித்து வைக்கும். அப்பா வாளியில் பிழிந்த எலுமிச்சை செய்த வேலைக்கு இது ரொம்பவும் பக்கம்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். 2023-இல் சூரிக் நகர ஆராய்ச்சியாளர்கள் இரும்பு குறைவான பெண்களுக்கு 100 மில்லிகிராம் இரும்பு கொடுத்து அளந்திருக்கிறார்கள். காப்பியோடு சாப்பிட்டால் உடம்பில் சேர்வது 54 விழுக்காடு குறைகிறது. காப்பியோடு காலைப் பலகாரமும் சேர்ந்தால் 66 விழுக்காடு குறைகிறது. காப்பி, பலகாரம் இல்லாமல், இரும்போடு 80 மில்லிகிராம் வைட்டமின் சி மட்டும் கொடுத்தால் 30 விழுக்காடு கூடுகிறது. காப்பியை விட டீ மோசம். 1983-இல் அமெரிக்காவில் உணவில் உள்ள இரும்பை வைத்துச் செய்த ஆய்வில், காப்பி 39 விழுக்காடு குறைத்தது, டீ 64 விழுக்காடு குறைத்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காப்பி ஒன்றும் செய்யவில்லை, ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது கூடவே குடித்த அளவுக்குக் கெடுத்தது. சாப்பிட்டு எழுந்ததும் ஒரு டம்ளர் குடித்தால்தான் திருப்தி என்று இருக்கும் எங்கள் வீடுகளை நினைத்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உடம்பில் மொத்தமே மூன்று நான்கு கிராம் இரும்புதான் உண்டு. மிஞ்சியதை வெளியே தள்ள உடம்புக்குத் தனி வழி கிடையாது. அதனால் காவலெல்லாம் வாசலில்தான். கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு சுரப்பை அனுப்பும், அது வந்தால் குடல் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு பெரிய மாத்திரை சாப்பிட்டதுமே ஹெப்சிடின் ஏறி, மறுநாள் வரைக்கும் அப்படியே நிற்கிறது. அப்போது போடும் அடுத்த மாத்திரை பாதி மூடிய கதவில் போய் முட்டுகிறது. 2017-இல் அதே சூரிக்கில் தினமும் கொடுத்தவர்களையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். தினமும் சாப்பிட்டவர்களுக்கு ஒவ்வொரு மாத்திரையிலும் சேர்ந்தது 16.3 விழுக்காடு, விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு 21.8. மோட்டாரை இடைவிடாமல் ஓடவிட்டால் தண்ணீர் வரப்புத் தாண்டித்தான் ஓடும், மண் குடிக்க நேரம் விட வேண்டும் என்று அப்பா சொல்வார்.

குடலைப் பற்றியும் நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பாடப் புத்தகத்தில் படித்தது. 2014-இல் சுவீடனில் திருத்தமாக அளந்து, மொத்தம் சுமார் 32 சதுர மீட்டர்தான் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஆசாரம் என்கிற கூடமும் முன்திண்ணையும் சேர்ந்த அளவுதான். அதிலும் இரும்பு ஏறும் இடம் இரைப்பையை அடுத்த கொஞ்ச தூரம் மட்டுமே. அந்தச் சின்ன இடத்தைத் தாண்டிப் போகிற நேரத்துக்குள் சேர்ந்தால் உண்டு.

கோபியில் அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தார். "நாலும் வேணும்னுதான் எழுதியிருக்கு. ஆனா நாலும் ஒரே நேரத்துக்குன்னு யாரும் எழுதலையே" என்றார். பிறகு, எந்த நேரத்துக்கு என்று தெளிவாக யாரும் எழுதித் தரவும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. ஒரு தாளை எடுத்து மணி போட்டு எழுதினார். காலை ஐந்து மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது. இரும்பு ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலைப் பலகாரம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைத் தண்ணீரோடு. கால்சியம் இராத்திரிச் சோற்றோடு. கேஸ் மாத்திரை இப்போது தேவையில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம் என்றார்.

தைராய்டு மாத்திரையைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. இரும்பும் கால்சியமும் அதையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு சுரப்பு போதாதபோது இரத்தத்தில் கூடுவது டி.எஸ்.எச்.; அம்மாவுக்கு அந்த வருஷம் அது ஏறியதால் 75 மைக்ரோகிராமை 100 ஆகக் கூட்டியிருந்தார்கள். சேராததைக் குறைவு என்று நினைத்து அளவை ஏற்றியிருக்கிறோம். "இப்போ நேரம் மாறுது. சேர ஆரம்பிச்சா இந்த 100 அதிகமாப் போயிரும், நெஞ்சு படபடக்கும். ஆறு வாரம் கழிச்சுக் கட்டாயம் ரத்தம் பாக்கோணும்" என்றார். அப்படியேதான் ஆயிற்று. ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். ரொம்பவும் கீழே வந்துவிட்டது, மறுபடி 75-க்குத் திரும்பினோம். இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் மாத்திரை நேரத்தை மாற்றினால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஒட்டாமல் இருந்தது ஒட்டத் தொடங்கினால் அதுவும் உடம்புக்கு ஒரு மாற்றம்தான்.

கருப்பும் வெள்ளையும்

அம்மா சொன்ன அந்தக் கருப்புக்கு வருகிறேன். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கருக்கும். கருப்பது எது என்றால், உடம்பில் சேராத இரும்பு. நல்ல முறையில் சாப்பிடுகிறவர்களுக்கும் பெரும்பங்கு சேராமல்தான் போகும், ஆகவே கருப்பைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அம்மா மாத்திரையை முழுங்கியதற்குக் காட்டிய சாட்சி, அது வந்த வழியே போய்க்கொண்டிருந்ததற்கும் சாட்சி. அவள் உண்மையைத்தான் சொன்னாள். பாதி விடையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறாள். கேட்கிற காது எனக்கு இல்லாமல் போய்விட்டது.

இதற்கு நேர் மாறாக அப்பாவுக்கு ஒன்று நடந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, மெதுவாகக் கரையும் வகை. ஒரு நாள் மலத்தில் வெள்ளையாக முழு மாத்திரை கிடந்ததைப் பார்த்துவிட்டு, "செரிக்கவே இல்ல, எதுக்குக் காசுக்குக் கேடு" என்று பதினைந்து நாள் நிறுத்திவிட்டார். சர்க்கரை 280-க்குப் போய்விட்டது. அந்த வகை மாத்திரையில் மருந்து கசிந்து குடலுக்குள் போன பிறகு வெறும் கூடு மட்டும் வெளியே வரும், அது இயல்பு. கண்ணுக்குத் தெரிந்தது முழு மாத்திரை, உள்ளே மருந்து எப்போதோ சேர்ந்துவிட்டது. இந்த ஒரு வரியை மருந்துக்கடையில் சொல்லிக் கொடுத்திருந்தால் பதினைந்து நாள் மிச்சமாகியிருக்கும்.

அதே மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 சேர்வது குறையும். அப்பா சைவம் வேறு, பாலும் தயிரும்தான். அவருக்குக் காலில் மதமதப்பு வந்தபோது சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றே எல்லோரும் நினைத்தோம், பரிசோதித்தால் பி12 பாதாளத்தில் இருந்தது. பி12-க்கு வயிறு ஒரு துணையை அனுப்பி வைக்கிறது. இரைப்பையில் சுரக்கும் அந்தப் பொருள் கையைப் பிடித்து அழைத்துப்போனால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி உள்ளே விடும். 1920-களின் கடைசியில் பாஸ்டனில் வில்லியம் காஸில் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்த விதம் மறக்கவே முடியாதது. அந்தக் காலத்தில் ஆளைக் கொல்லும் ஒரு வகை இரத்தசோகை இருந்தது. அதில் படுத்தவர்களுக்குக் கொத்திய மாட்டிறைச்சியைக் கொடுத்தால் குணமில்லை. அதே இறைச்சியைத் தான் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தன் வயிற்றில் வைத்திருந்து, வெளியே எடுத்து, குழாய் வழியாக அவர்களுக்குக் கொடுத்தார். இரத்தம் ஊறியது. உணவில் இருந்தது போதவில்லை, ஆரோக்கியமான ஒரு வயிறும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது.

மஞ்சளுக்கு மிளகு

மஞ்சள் ஊரில் இருந்துகொண்டு மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் போன தடவை வந்தபோது அம்மாவின் முட்டிவலிக்கு என்று ஒரு பாட்டில் மஞ்சள் மாத்திரை கொண்டு வந்தான். குர்குமினும் அதோடு மிளகுச் சாரமும். மிளகு எதற்கு என்பதற்கான விடை பெங்களூரில் இருக்கிறது. 1998-இல் அங்கே புனித ஜான் மருத்துவக் கல்லூரியில், இரண்டு கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தால் இரத்தத்தில் தேடியும் கிடைக்கவில்லை அல்லது மிகமிகக் குறைவு என்று கண்டார்கள். கூட 20 மில்லிகிராம் பிப்பரின், அதாவது மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள், சேர்த்தபோது இரத்தத்தில் கிடைப்பது 2000 விழுக்காடு கூடியது. குர்குமின் குடலைத் தாண்டுவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் உருமாற்றி வெளியேற்றிவிடும். பிப்பரின் அந்த வேலையைத் தாமதப்படுத்துகிறது.

இதே யோசனையை வைத்து ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகம் காசநோய்க்கு ஒரு மருந்து செய்தது. ரிஃபாம்பிசினோடு பிப்பரினைச் சேர்த்து, 450 மில்லிகிராம் தர வேண்டிய இடத்தில் 200 போதும் என்று ஆக்கினார்கள். 2009-இல் அது சந்தைக்கு வந்தது. எனக்கு இதில் பெருமையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஒரு மருந்துக்குக் கதவைத் திறந்துவிடுகிற சாரம், கூடவே சாப்பிடும் வேறு மருந்துகளுக்கும் திறந்துவிடும். வலிப்பு மாத்திரை போன்றவற்றில் அளவு கொஞ்சம் கூடினாலும் தொல்லை. மிளகுச் சாரம் சேர்த்த மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். செலவு ரசத்தில் போடும் மிளகு, திப்பிலியைப் பற்றி நான் சொல்லவில்லை, அது குழம்பு அளவு. பாட்டிலில் வருவது வேறு அளவு. மருத்துவரைக் கேட்டுவிட்டு அந்தப் பாட்டிலை அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. நம் காட்டு மஞ்சள் குழம்பில் இருக்கட்டும் என்றார் அப்பா.

அன்னபேதியைப் பற்றியும் அப்படித்தான். சித்த மருத்துவத்தில் இரத்தசோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் உண்டு. அன்னபேதியைச் சுத்தி செய்து, எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் புடம் போடுவது. அதோடு நெல்லிக்காய் லேகியமும் மாதுளை மணப்பாகும் கொடுக்கிறார்கள். இரும்புக்குப் புளிப்புத் துணை வேண்டும் என்பதை அப்பாவின் வாளிக்கும் முன்னால் யாரோ பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். உரக்கடைப் பொட்டலத்தை எடுத்து யாரும் வாயில் போட்டுவிடாதீர்கள். அது பயிருக்கானது, அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது.

ஆத்தாவின் கூழ்ப்பானை

ஆத்தா உயிரோடு இருந்தவரை கம்பை ஊறவைத்து இடித்து, இராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்துத்தான் கூழ் காய்ச்சுவார். ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைப்பார். பொறுமையில்லாத நான், இதெல்லாம் வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்ததுண்டு. தானியத்தின் தவிட்டில் ஃபைட்டேட் என்று ஒன்று இருக்கிறது. செடி தன் விதைக்காகப் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஊறினாலும் முளைத்தாலும் புளித்தாலும், தானியத்திலும் நுண்ணுயிரிலும் இருக்கும் நொதி அதை உடைக்கிறது, பிடியில் இருந்த சத்து வெளியே வருகிறது. நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது என்று பொட்டலத்தில் அச்சடித்திருப்பதை வாசித்துவிட்டு, அப்படியே அரைத்த மாவில் களி கிண்டினால் அத்தனையும் நமக்குக் கிடைத்துவிடும் என்று நினைப்பது, நான் அட்டையில் 100 மில்லிகிராம் என்று வாசித்தது போலத்தான். கொள்ளையும் பச்சைப்பயறையும் முளைகட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் மிச்சமிருக்கிறது. ராகியை முளைகட்டுவதை மட்டும் நான்தான் விட்டேன். போன மாதத்திலிருந்து மறுபடி செய்கிறேன். வெயில் இருந்தால் இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறது.

கீரையிலும் இப்படி ஒன்று படித்தேன். பாலில் உள்ள கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக உடம்பில் சேருகிறது. ஸ்பினாச் என்ற கீரையில் இருப்பதில் சேர்வது இருபதில் ஒரு பங்குதான், ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. கீரை வேண்டாம் என்பதில்லை, கால்சியத்துக்கு அதையே நம்பி உட்கார வேண்டாம் என்பதுதான். வைட்டமின் டி-க்கு வாரம் ஒன்று கொடுக்கிறார்களே, அதை வெறும் வயிற்றில் விழுங்குவதை விட, எண்ணெய் நெய் உள்ள பெரிய சாப்பாட்டோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். கொழுப்பில் கரைகிற சத்து அது.

மார்கழியில் அம்மாவுக்கு மறுபடி இரத்தம் பார்த்தோம். 10.9. அதே மாத்திரை, அதே கம்பெனி, எண்ணிக்கை மட்டும் பாதி. தாளை நீட்டி, "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றேன். அம்மா தாளை வாங்கிப் பார்க்கவில்லை. "அதையேன் இன்னும் மனசுல வெச்சுட்டிருக்கறே" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள்.

அங்கே ஒரு கொய்யா மரம் உண்டு. அணில் கடித்தது போக மிஞ்சியதுதான் எங்களுக்கு. 1987-இல் தென்னாப்பிரிக்காவில், அங்கே வாழும் இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு அரிசிச் சோற்றோடு பலவகைப் பழங்களைக் கொடுத்து, சோற்றில் உள்ள இரும்பு எவ்வளவு சேருகிறது என்று பார்த்தார்கள். கொய்யாவும் பப்பாளியும் கொடுத்தவர்களுக்கு நன்றாகவே கூடியது. இதை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மரத்தடியில் தொரட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றை இழுத்துப் பறித்து, முந்தானையில் துடைத்து, என்னிடம் கொடுத்தாள். "இன்னைக்கு மாத்திரை நாளு. மணி என்னாச்சு கண்ணு, பதினொண்ணு ஆயிருச்சா?"

இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தோம்.